நாற்காலியில் இருப்பவர்களைத் திட்டாத நாள்

"அந்த சேனல் நம்ம கேபிள்லயே கிடையாதுண்ணே."

டீவிக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும்தான் வந்தது. குரலுக்குச் சொந்தக்காரரான கேபிள்காரர் சுவருக்கும் டீவிக்கும் நடுவில் பாதி உடம்பை நுழைத்திருந்தார்.

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் டீவி பக்கம் குனிந்தார். "கிடையாதுன்னா? மத்த மேட்ச் எல்லாம் வருதே."

"ஃபுட்பால் வரும். டென்னிஸ் வரும். ஷட்டிலுக்குன்னு தனி சேனல். இந்தத் தெருவுல இதுவரைக்கும் அத யாருமே கேட்டதில்ல."

"நான் கேக்கறேன்ல."

"நீங்களும் இன்னைக்குத்தானே கேக்கறீங்க."

அது உண்மை. கடைக்காரரின் மனைவி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். விடுமுறை வந்தால் இறகுப்பந்துப் போட்டிகளில் கோட்டு நடுவர். ஆடுகளத்தின் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பந்து கோட்டுக்குள் விழுந்தால் ஒரு கையைக் கீழே நீட்டிக் காட்ட வேண்டும். வெளியே விழுந்தால் இரண்டு கையையும் விரிக்க வேண்டும். இப்படி எத்தனையோ ஊருக்குப் போய்க் கை நீட்டிவிட்டு வந்திருக்கிறார். ஒரு தடவைகூடக் கடைக்காரர் போய்ப் பார்த்ததில்லை. கேட்டால், கடையை யார் பார்ப்பது என்பார்.

போகாததுகூடப் பெரிய குற்றமில்லை. வீட்டில் டீவி முன்னால் உட்கார்ந்தால் எந்த விளையாட்டாக இருந்தாலும் சரி, ஆடுகிறவர்களை அவர் விட்டுவிடுவார். நடுவர்களைத்தான் பிடித்துக்கொள்வார். "அது கண்ணா, சட்டைப் பொத்தானா? என் கடைக்கு அனுப்புங்கய்யா, ஓசியிலயே டெஸ்ட் பண்ணி விடறேன்." கண் பார்க்கிற தொழில் என்பதால் வாய் எப்போதும் அந்தப் பக்கமே போகும். மனைவி முதலில் முறைத்துப் பார்த்தார். அப்புறம் வாதாடிப் பார்த்தார். அப்புறம் மேட்ச் தொடங்கியதும் பேசாமல் எழுந்து உள்ளறைக்குப் போய்விட ஆரம்பித்தார். சோபாவில் அவர் உட்காரும் மூலையில் இப்போது பழைய பேப்பர்கள் உட்கார்ந்திருந்தன.

தனியாக மேட்ச் பார்ப்பதில் என்ன இருக்கிறது? அபாரமான ஒரு அடி விழுந்ததும் பக்கத்தில் திரும்பி "பார்த்தியா?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டாமா? பழைய பேப்பரிடமா கேட்பது? வெளியே சொல்லாவிட்டாலும் கடைக்காரருக்கு அந்த மூலை ரொம்ப நாளாகவே உறுத்திக்கொண்டிருந்தது.

இந்த முறை பெரிய போட்டி. இறுதியாட்டத்தை டீவியில் நேரடியாகக் காட்டுகிறார்கள். ஊருக்குக் கிளம்பும்போது வாசலில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மனைவி சொன்னார்:

"ஃபைனலுக்கு என்னையும் போட்டிருக்காங்க. முடிஞ்சா பாருங்க."

"முடிஞ்சாவா? கடைய மூடிட்டுப் பார்க்கறேன்."

"பார்க்கறது பெருசில்ல. நாற்காலியில உட்கார்ந்திருக்கறவங்கள ஒரு வார்த்தை திட்டாம, ஒரே ஒரு மேட்ச் முழுசாப் பார்த்துக் காட்டுங்க. அப்புறம் நானும் வந்து ஹால்ல உட்கார்றேன்."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு மனைவி சிரித்த சிரிப்பில் நம்பிக்கை கொஞ்சமும் இல்லை. கடைக்காரருக்கு அந்தச் சிரிப்புதான் ரோஷத்தைக் கிளப்பிவிட்டது.

அதனால்தான் காலையிலேயே கடை வாசலில் 'இன்று விடுமுறை' அட்டை தொங்கியது. அதனால்தான் கேபிள்காரர் டீவிக்குப் பின்னால் இருந்தார்.

"ஒரு வழி இருக்குண்ணே," என்று கேபிள்காரர் தலையை வெளியே எடுத்தார். "புது பாக்ஸ் வந்திருக்கு. அதுல எல்லா ஸ்போர்ட்ஸும் வரும். மாட்டிடவா?"

"மாட்டுய்யா. இதையும் கேட்டுக்கிட்டு நிப்பியா?"

பழைய பாக்ஸ் போனது, புது பாக்ஸ் வந்தது. கறுப்புத் திரையில் அழகான ஒரு வட்டம் சுற்றியது. கீழே, 'உங்கள் இணைப்பு செயலாக்கப்படுகிறது. காத்திருக்கவும்' என்று எழுதியிருந்தது.

"எவ்வளவு நேரம் காத்திருக்கணும்?"

"ஆபீஸ்ல பட்டன் தட்டினா வந்துரும்."

"தட்டச் சொல்லு."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமையாச்சே. தட்டற ஆளு நாளைக்குத்தான் வருவாரு."

"அப்ப பழசையே திருப்பி மாட்டு."

"பழச கழட்டினதும் கேன்சல் ஆயிடுச்சுண்ணே. அது இனிமே வெறும் டப்பா." கேபிள்காரர் அந்த வெறும் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அடுத்த தெருவில் யாரோ கூப்பிடுவதாகச் சொல்லி நடையைக் கட்டினார்.

உள்ளேயிருந்து மாமியார் வந்தார். மகள் வீட்டோடு இருப்பவர். மாப்பிள்ளையிடம் குரலை உயர்த்த மாட்டார். உயர்த்தாமலே வேலையை முடிப்பார்.

"என்னோட சீரியல் எங்க மாப்பிள்ளை?"

"சுத்திக்கிட்டு இருக்கு அத்தை."

"நேத்து அந்தப் பொண்ணைக் கிணத்து மேட்டுல நிக்க வச்சுட்டுப் போனான். இன்னைக்கு விழுந்தாளா இல்லையான்னு எனக்குத் தெரிய வேணாமா?"

"விழ மாட்டா அத்தை, கதாநாயகி."

"அதச் சொல்றதுக்கு நீங்க யாரு," என்று சொல்லிவிட்டு அவர் திரை எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். சுற்றும் வட்டத்தையே பார்த்தபடி உட்கார்ந்தார். மாப்பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற அது போதும்.

சத்தம் கேட்டு மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்தார். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் சாதகம் இது, பாதகம் இது என்று பிரித்துப் பேசுவார்.

"கேபிள நம்பினீங்களே சார். தெருவுல ஒருத்தன் குழி தோண்டினா உங்க வீட்டுல படம் போயிடும். டிஷ்னா அப்படியா? மொட்டை மாடி, வானம், நடுவுல யாரும் கிடையாது. என் டிஷ்ல அந்த ஷட்டில் சேனல் வருது தெரியுமா?"

கடைக்காரருக்கு உயிர் வந்தது. "சார், அப்ப உங்க வீட்டுலயே..."

"வரலாம். ஆனா வீட்டுல பெயின்ட் வேலை நடக்குது. சோபா, டீவி எல்லாத்தையும் மூடி வச்சிருக்கு. நான் மட்டும் ஒரு ஓரமாத் தூக்கிப் பார்த்துக்குவேன். ஒண்ணு செய்யலாம். என்கிட்ட பழைய பாக்ஸ் ஒண்ணு இருக்கு. டிஷ்லேர்ந்து இன்னொரு ஒயர் உங்க வீட்டுக்கு இறக்கிடலாம்."

இரண்டு பேரும் மொட்டை மாடிக்குப் போனார்கள். ஒயர் ஜன்னல் வழியாக இறங்கியது. கீழே மாமியார் டீவியைப் பார்த்து நிலவரம் சொல்வதாக ஏற்பாடு.

"அத்தை, படம் வருதா?"

"ஏதோ வருது. கட்டம் கட்டமா வருது."

"சார், டிஷ் கொஞ்சம் சாஞ்சிருக்கற மாதிரி இல்ல?" என்றார் கடைக்காரர். மூக்குக் கண்ணாடி யார் முகத்தில் கோணினாலும் அவருக்குக் கை பரபரக்கும். எத்தனையோ மூக்குகளில் இரண்டு விரலால் நிமிர்த்தி வைத்த பழக்கம்.

"சார், அத மட்டும் தொடாதீங்க. அது சாஞ்சுதான் இருக்க..."

விரல் பட்டுவிட்டது. ஒரு கண்ணாடியை நிமிர்த்துகிற மாதிரி மிக மென்மையாக அவர் அதை நேராக்கினார்.

"இப்ப கட்டமும் போயிடுச்சு மாப்பிள்ளை," என்று கீழிருந்து தகவல் வந்தது. "நல்லா சுத்தமா இருக்கு. ஒண்ணுமே இல்ல."

மாடி வீட்டுக்காரர் ஓடிப்போய்த் தன் டீவி மேலிருந்த துணியைத் தூக்கிப் பார்த்தார். அங்கேயும் சுத்தம். திரும்பத் திரும்பத் திருப்பினார்கள். டிஷ் வானத்தின் எல்லா மூலையையும் பார்த்தது, வானம் திரும்பிப் பார்க்கவில்லை.

"என் ஃபேவரிட் பிளேயர் ஃபைனல் ஆடறார் சார்," என்றார் மாடி வீட்டுக்காரர். "அந்த இடது கைக்காரர். அவருக்காக ஒரு மாசமாக் காத்திருக்கேன்."

"கவலைப்படாதீங்க சார். என் வீட்டுலயே பார்த்துடலாம்."

"எதுல?"

கடைக்காரர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். மச்சானுக்குப் போன் போட்டார்.

மனைவியின் தம்பி கம்ப்யூட்டர் விற்கிற கடையில் வேலை பார்ப்பவன். வந்ததும் புது பாக்ஸைப் பார்த்தான், ஜன்னலில் தொங்கிய ஒயரைப் பார்த்தான், ஏதோ மியூசியத்துக்குள் வந்துவிட்டவனைப் போல நின்றான்.

"மாமா, எந்தக் காலத்துல இருக்கீங்க? ஒயரும் வேணாம், டிஷ்ஷும் வேணாம். இன்டர்நெட்டுல ஆப் ஒண்ணு போதும். அக்காதான் வருஷ சந்தாவே கட்டி வச்சிருக்காளே."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீங்க ஹால்ல கத்தும்போது அவ உள்ள போய் எதுல மேட்ச் பார்க்கறான்னு நினைச்சீங்க?"

கடைக்காரர் உள்ளறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். உள்ளறைக்குப் போனவள் புத்தகம் படிக்கிறாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அதே மேட்சை, கதவுக்கு அந்தப் பக்கம், தனியாகப் பார்த்திருக்கிறாள்.

"மாமா, கனவு காணாதீங்க. உங்க போனைக் குடுங்க. அக்கா நம்பர போடறேன். அவ போனுக்கு ஒரு ஓ.டி.பி. வரும்."

"அவ மைதானத்துல இருப்பாளே. போனை வாங்கி வச்சிடுவாங்களே."

நடுவர்கள் களத்துக்குள் போனைக் கொண்டுபோக முடியாது. நல்லவேளையாக, துணைக்குப் போயிருந்த அதே பள்ளிக்கூடத்து நீச்சல் டீச்சரிடம் மனைவி போனை ஒப்படைத்திருந்தார். கடைக்காரர் மச்சானின் போனிலிருந்து கூப்பிட்டதும் அந்தப் பெண்தான் எடுத்தார்.

"சார், வணக்கம். நல்லா இருக்கீங்களா? அம்மா நல்லா இருக்காங்களா? அக்கா காலையிலேர்ந்து உங்களப் பத்தித்தான்..."

"நல்லா இருக்கோம்மா. போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். சொல்லுங்க."

"வந்திருக்கு சார். அதுக்கு முன்னாடி ஒரு விஷயம், அக்கா இன்னைக்கு..."

"நம்பர முதல்ல சொல்லுங்கம்மா."

நம்பர் வந்தது. மச்சான் தட்டினான். 'நேரம் முடிந்துவிட்டது' என்றது ஆப்.

"மாமா, நலம் விசாரிச்சே அவுட் ஆக்கிட்டீங்க. மறுபடியும் வாங்குங்க."

மறுபடியும் கூப்பிட்டார். "டீச்சர், நான்தான். எடுத்ததும் நம்பர மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் பேசாதீங்க."

"சரி சார். ஆனா அக்கா..."

"டீச்சர்."

நீச்சல் டீச்சர் மூச்சை இழுத்துக்கொண்டு நம்பரை மட்டும் சொன்னார். ஆப் திறந்தது. எல்லோரும் நெருங்கி வந்தார்கள். திரையில், 'இந்தக் கணக்கில் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு ஏற்கெனவே ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்று வந்தது.

"யாரு பார்க்கறாங்க?"

மச்சான் ஜன்னல் பக்கம் பார்த்தான். "ஒண்ணு எங்க வீடு மாமா."

"இன்னொண்ணு?"

"எங்க மாமனார் வீடு."

"என் பொண்டாட்டி கட்டின சந்தாவுல உன் மாமனார் படம் பார்க்கறாரா?"

"அவரு ஒரே படத்தத்தான் மாமா திரும்பத் திரும்பப் பார்ப்பாரு. பாவம், விடுங்க."

விடவில்லை. இரண்டு வீட்டையும் வெளியேற்றும் பொத்தானைக் கடைக்காரரே அழுத்தினார். அடுத்த நிமிஷமே மச்சானின் போனில் அவன் மனைவி வந்தாள். படத்தில் கல்யாண மண்டபத்துக்குள் போலீஸ் நுழைந்த நேரமாம். மச்சான் வாசலுக்குப் போய், சுவரைப் பார்த்து நின்று சமாதானம் பேச ஆரம்பித்தான். அவன் உள்ளே வர வெகுநேரம் ஆயிற்று.

கடைசியில் படம் வந்தது. ஆனால் ஹாலில் சிக்னல் நின்று நின்று வந்தது. ஆட்டக்காரர் மட்டையைத் தூக்கியபடியே சிலையாக நின்றார். போனைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க நடந்து பார்த்ததில், சமையலறை ஜன்னலில், உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில்தான் தெளிவாக வந்தது. எல்லோரும் சமையலறைக்குக் குடிபெயர்ந்தார்கள். மாமியாருக்கு நாற்காலி. மாடி வீட்டுக்காரருக்குக் கவிழ்த்துப் போட்ட வாளி. மச்சான் கேஸ் அடுப்புக்கு முட்டுக் கொடுத்தபடி நின்றான்.

"இம்மாத்தூண்டு படத்துல என்ன தெரியும்?" என்றார் மாமியார்.

கடைக்காரர் வீட்டின் முன்பக்கத்திலிருந்த தன் கடைக்குள் ஓடினார். பேப்பர் படிக்கப் பெரியவர்கள் வாங்கிப்போகும் பெரிய பூதக்கண்ணாடி ஒன்று ஸ்டாண்டோடு இருந்தது. அதைக் கொண்டுவந்து போன் முன்னால் நிறுத்தினார். ஆடுகளம் சட்டென்று பெரிதானது. மாடி வீட்டுக்காரரே கை தட்டினார். காலையிலிருந்து முதல் தடவையாகக் கடைக்காரருக்கு நெஞ்சு லேசானது.

"அதோ. அந்த மூலை நாற்காலி. நீலச் சட்டை, கொண்டை. அத்தை, உங்க பொண்ணு."

மாமியார் குனிந்து பார்த்தார். "என் பொண்ணா? கழுத்து கொஞ்சம் நீளமா இருக்கே."

"லென்ஸ் இழுத்துக் காட்டுது அத்தை. ஓரத்துல இருக்கறதெல்லாம் நீளும்."

"காதும் நீளுமா?"

"எல்லாம் நீளும். கண்ணாடியப் பத்தி எனக்குத் தெரியாதா?"

ஆட்டம் சூடு பிடித்தது. கடைக்காரர் அன்றைக்கு இருந்த மாதிரி பிறந்ததிலிருந்து இருந்ததில்லை. தோளில் கிடந்த துண்டின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். அம்பயர் எது சொன்னாலும் சரி. எந்த மூலையில் யார் கையை நீட்டினாலும் சரி. மூலை நாற்காலிக்காரி கை விரித்தபோதெல்லாம் பெருமையில் திரும்பி, "பார்த்தீங்களா? என்ன கம்பீரம்," என்றார். துண்டுக்குள்ளிருந்து அது "பாத்தீந்தளா" என்றுதான் வந்தது.

இடையில் ஒரு சிக்கல். பந்து இன்னும் காற்றில் இருக்கும்போதே மாடி வீட்டுக்காரர், "பாயின்ட்," என்றார். அடுத்த முறையும் அப்படியே.

"எப்படி சார் முன்னாடியே சொல்றீங்க?"

"என் போன்ல ஸ்கோர் மட்டும் தனியா வருது. உங்க ஆப் கொஞ்சம் பின்னாடி ஓடுது சார். இது ஸ்ட்ரீமிங்ல ஒரு பாதகம்."

அவருடைய போன் அரிசி டப்பாவுக்குள் வைக்கப்பட்டது.

கடைசிக் கட்டம். இரண்டு பக்கமும் சமம், அடுத்த பாயின்ட் எடுப்பவருக்கே வெற்றி. இடது கைக்காரர் ஓங்கி அடித்தார். இறகுப்பந்து மூலையில் விழுந்தது. நாற்காலிக்காரி ஒரு நொடிகூடத் தயங்காமல் இரண்டு கையையும் விரித்தார். வெளியே.

மாடி வீட்டுக்காரர் வாளியிலிருந்து எழுந்தார். "உள்ளதான் விழுந்துச்சு. அந்தம்மாவுக்குக் கண்ணு என்ன..."

"சார்." கடைக்காரர் வாயிலிருந்து துண்டை எடுத்தார். "நாற்காலியில இருக்கறவங்கள ஒரு வார்த்தை சொல்லக் கூடாது."

மச்சான் அவரையே பார்த்தான். "மாமா, இது நீங்கதானா?"

"அவங்க கோட்டுக்கு நேரா உட்கார்ந்திருக்காங்க. இவரு வாளி மேல உட்கார்ந்திருக்காரு. யாருக்கு நல்லாத் தெரியும்? எத்தனை வருஷத்து அனுபவம் அந்தக் கண்ணுக்கு? இதுல சந்தேகப்படறவங்க என் சமையலறைய விட்டு வெளிய போகலாம்."

திரையில் இடது கைக்காரர் கையைத் தூக்கி மறுபரிசீலனை கேட்டார். எல்லாக் கோணத்திலும் எடுத்த படத்தைத் தனி அறையில் ஓட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். அரங்கமே காத்திருந்தது. சமையலறையும் காத்திருந்தது. பெரிய திரையில் வந்தது: 'உள்ளே'.

மாடி வீட்டுக்காரரின் ஆள் ஜெயித்துவிட்டார். மாடி வீட்டுக்காரர் வாளியையும் மாமியாரையும் சுற்றி வந்து குதித்தார்.

கடைக்காரருக்குள் காலையிலிருந்து அடைபட்டுக் கிடந்ததெல்லாம் ஒரே வழியாக வெளியே வந்தது.

"எவன்யா அந்த மெஷின் ரூம்ல உட்கார்ந்திருக்கறது? கண்ணா அது, வடை ஓட்டையா? அவ்வளவு பெரிய கோடு தெரியலையா? இருட்டுல உட்கார்ந்து தூங்கிட்டு, மணி அடிச்சதும் எழுந்து வாய்க்கு வந்தத சொல்றதா? நாற்காலியில ஒரு தெய்வம் உட்கார்ந்து சொல்லுது, அத மறுத்துப் பேச ஒரு ஆளு. பிடிச்சு இழுத்துட்டு வாங்க என் கடைக்கு. சோடாப் புட்டி மாட்டி அனுப்பறேன்."

"மாப்பிள்ளை, நடுவர்கள திட்ட மாட்டேன்னு சொன்னீங்களே," என்றார் மாமியார்.

"நாற்காலியில இருக்கறவங்களத்தான் அத்தை திட்டக் கூடாது. ரூமுக்குள்ள இருக்கறவன் கணக்குல வர மாட்டான்."

ஜன்னலிலிருந்த போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர் ஹாலுக்குப் போனார். சோபா மூலையிலிருந்த பழைய பேப்பர்களை வாரி எடுத்துக் கதவுக்கு வெளியே வைத்தார். துணியால் அந்த இடத்தை ஒரு தடவை துடைத்தார். திருப்தி வராமல் இன்னொரு தடவையும் துடைத்தார். பையில் இருந்த போன் அடித்தது. மனைவியின் நம்பர். எடுத்தவர் நீச்சல் டீச்சர்.

"சார், இப்பவாவது பேசலாமா?"

"தாராளமாப் பேசலாம். ஆனா முதல்ல நான் சொல்றத அப்படியே அவகிட்ட சொல்லுங்க. மேட்ச் முழுக்கப் பார்த்தேன். நாற்காலியில இருந்தவங்கள ஒரு வார்த்தை சொல்லல. சொல்ல வந்தவங்களையும் விடல. கடைசியில அந்த மெஷின் ரூம்ல ஒரு கபோதி இருந்து அவ தீர்ப்ப மாத்தினான் பாருங்க, அவனத்தான் கிழிச்சுட்டேன். தெருவுக்கே கேட்டிருக்கும். சோபாவுல அவ இடத்தக்கூட துடைச்சு வச்சாச்சு. சொல்லுங்க டீச்சர், என்ன விஷயம்?"

அந்தப் பக்கம் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற மாதிரி இருந்தது.

"அதான் சார் காலையிலேர்ந்து சொல்ல வர்றேன்," என்றார் நீச்சல் டீச்சர். "அக்காவுக்கு இன்னைக்குப் பதவி உயர்வு, நாற்காலியில வேற ஆளப் போட்டுட்டு அந்த மெஷின் ரூம்ல அக்காவத்தான் உட்கார வச்சாங்க, இப்ப பக்கத்துல நின்னு நீங்க சொன்ன அத்தனையும் ஸ்பீக்கர்ல கேட்டுக் கண்ணுல தண்ணி வர சிரிச்சுக்கிட்டு இருக்காங்க."